கொலுவின் அடியில் புல்: சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் சிற்றுருவ நிலம்

முன்னுரை

நவராத்திரிக் கொலுவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் படிகளைப் பற்றியே எழுதுகின்றனர். படிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைவதும், கலசம் வைக்கப்படும் இடமும், ஓரறிவுயிர் முதல் தெய்வம் ஈறாகப் பொம்மைகள் ஏறுவரிசை பெறுவதும் பலராலும் விளக்கப்பட்டுள்ளன. படிகளுக்குக் கீழே, தரையில், ஒரு தட்டிலோ பலகையிலோ அமைக்கப்படும் சிறு நிலப்பரப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பேச்சுவழக்கில் அதனைப் 'பார்க்' என்பர். மலை, குளம், கோயில், கடைத்தெரு, வேலியிட்ட தோட்டம், அவற்றினிடையே பசும்புல் என அஃது அமையும். குழந்தைகளின் பொறுப்பில் விடப்படும் பகுதியாதலால், விளையாட்டாகவே கருதப்பட்டு வந்துள்ளது.

இக்கட்டுரை அந்நிலப்பரப்பின் ஒரு கூறை, அதாவது அதன் புல்லை மட்டும், எடுத்துக்கொள்கின்றது. சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் அப்புல் எவ்வாறு ஆக்கப்படுகின்றது? விதைத்து முளைப்பித்த புல்லின் இடத்திற்கு, வாங்கி விரிக்கும் புல் வந்தமை எதனைக் காட்டுகின்றது? இவ்விரு வினாக்களையும் சிராங்கூன் சாலைப் பகுதியின் நில வரலாற்றோடு சேர்த்து நோக்குவது நம் நோக்கமாகும். விட்டுவந்த நிலத்தையும் குடியேறிய நகரத்தையும் ஒரு சமூகம் ஒரே தட்டில் மாற்றி மாற்றி வரைந்துள்ளது என்பதே இங்கு நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

1. சிற்றுருவ நிலமும் முளைப்பாலிகையும்

நிலத்தைச் சிறிதாக்கி ஆடுதல் தமிழர்க்குப் புதிதன்று. மகளிர் மணலில் சிற்றில் இழைத்து விளையாடியமையைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் காட்டுகின்றன. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம், தாம் இழைத்த சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனக் கண்ணனிடம் சிறுமியர் வேண்டுவதாக அமைந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் சிற்றில் சிதைத்தலும் சிறுதேர் உருட்டலும் இடம்பெறும். சிற்றுரு என்பது ஆக்கப்படுவதோடு அழிக்கப்படுவதும் ஆகும் என்னும் எண்ணம் இம்மரபில் தொடக்கம் முதலே உள்ளது. இதனைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

கொலு என்னும் சொல் அரசன் அவையில் வீற்றிருத்தலைக் குறிக்கும். தெலுங்கிலும் 'கொலுவு' என வழங்கும். விசயநகரத்தில் மகாநவமி விழா ஒன்பது நாள் அரச விழாவாக நிகழ்ந்தது. 1520ஆம் ஆண்டையொட்டி அங்குச் சென்ற போர்த்துகீசியர் தொமிங்கோ பாயஸ் அதனைக் கண்டு விரிவாக எழுதியுள்ளார். எனவே கொலுவின் படிகள் அரசவையை நினைவூட்டுவன எனலாம். ஆயின், அப்படிகளுக்குக் கீழே விதைக்கப்படும் தானியம் அரசவையைச் சார்ந்ததன்று. அஃது உழவரைச் சார்ந்தது.

முளைப்பாலிகை மிகப் பழைய மங்கலப் பொருள். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடல், கோவலன் கண்ணகி திருமணத்தில் மகளிர் ஏந்தி வந்த பொருள்களுள் முளைவிட்ட பாலிகையையும் குறிப்பிடுகின்றது. இன்றும் தமிழகச் சிற்றூர்களில் மாரியம்மன் விழாவையொட்டி முளைப்பாரி வளர்க்கப்படுகின்றது. மண் ஓட்டிலோ கூடையிலோ வைக்கோலும் எருவும் மண்ணும் இட்டு, ஊறவைத்த தானியங்களை விதைத்து, வெயில் படாத அறையில் பெண்கள் வளர்ப்பர். ஒளி படாமையால் முளை பச்சையாகாது. வெளிர்மஞ்சளாக நீண்டு வளரும். கும்மியடித்துப் பாடி, ஊர்வலமாக எடுத்துச் சென்று, இறுதியில் நீர்நிலையில் கரைப்பர். முளையின் செழிப்பே அவ்வாண்டின் விளைச்சலுக்கு அறிகுறியாகக் கொள்ளப்படும்.

சிங்கப்பூருக்கு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் வந்த தமிழருள் பெரும்பகுதியினர் தஞ்சை, திருச்சி முதலிய வட்டாரங்களின் உழவுத்தொழில் சார்ந்த குடும்பத்தினர். அவர்கள் அறிந்தது முளைப்பாரியே. வீட்டில் படி கட்டிக் கொலு வைத்தல் அக்காலத்தில் சில சமூகத்தாரின் வழக்கமாகவே இருந்தது, பின்னரே பரவலாயிற்று. கொலுவின் அடியில் உள்ள முளைத்தட்டு, அரசவை மரபும் வயல் மரபும் சந்திக்கும் இடம் என்பது நம் துணிபு.

இத்தகைய சந்திப்பு பிற நாடுகளிலும் உண்டு. பண்டைய கிரேக்க மகளிர் அதோனிசு விழாவில் விரைந்து முளைக்கும் விதைகளைச் சிறு சட்டிகளில் விதைத்து, அவை வாடியபின் நீரில் இட்டனர். பிரான்சின் புரொவான்சு பகுதியில் திசம்பர் 4ஆம் நாள் மூன்று சிறு தட்டுகளில் கோதுமையை விதைத்து, கிறித்துமசுக் குடிலின் களிமண் பொம்மைகளுக்கருகில் வைப்பர். பொம்மைகளின் அருகே உயிருள்ள பசுமையை வைக்க வேண்டும் என்னும் உந்துதல் ஒரு மொழியினர்க்கோ சமயத்தார்க்கோ மட்டும் உரியதன்று.

2. புல் வளர்ந்த சிராங்கூன்

இன்று 'லிட்டில் இந்தியா' எனப்படும் பகுதியில் கற்பலகையும் காரையுமே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆயின் அதன் தெருப்பெயர்கள் வேறு கதை சொல்கின்றன. எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் 'கெர்பாவ் சாலை', மாட்டைக் குறிக்கும் சொல்லால் 'லெம்பு சாலை', ஆங்கிலத்தில் 'பஃபலோ சாலை' என மூன்று தெருக்கள் அங்கு உள்ளன. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் பெயர், மகப்பேற்று மருத்துவமனை ஒன்றின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் ரோச்சோர் ஆற்றை அடுத்த இத்தாழ்நிலம் நீரும் புல்லும் நிறைந்திருந்தது. பாரவண்டிக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் மாடுகள் தேவைப்பட்ட காலத்தில், அப்புல்லே இந்தியர்களை இவ்விடத்திற்கு ஈர்த்தது. மாட்டுக்கொட்டில்கள் எழுந்தன, அவற்றைச் சார்ந்து பால்காரரும் வண்டிக்காரரும் தீவனம் விற்போரும் குடியேறினர். சரோன் சித்திக்கும் நிர்மலா புருஷோத்தமும் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல், இப்பகுதி இந்தியர் வாழிடமாக உருப்பெற்றதில் மாட்டு வணிகத்திற்கு இருந்த பங்கை எடுத்துரைக்கின்றது. அருகிலேயே 1842ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1933ஆம் ஆண்டில் அது புக்கிட் தீமாவுக்கு மாறியது. அதே பத்தாண்டுகளில் நகராட்சியின் கட்டுப்பாடுகளால் மாடுகளும் நகரை விட்டு நீங்கின. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயரும் ஃபேரர் பார்க் திடலுமே அப்பரந்த புல்வெளியின் எச்சங்களாக நின்றன. 2022ஆம் ஆண்டில் அத்திடற்பகுதிக்கும் வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

'தேக்கா' என்னும் பெயரும் ஈண்டு நோக்கத்தக்கது. சிறு மூங்கில்களின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரின் சுருக்கம் அது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கும். அவ்வகையில் மூங்கிலும் புல்லேயாம். தமிழ் இலக்கண மரபின்படி, தேக்கா தன் பெயரிலேயே புல்லைத் தாங்கி நிற்கின்றது.

தீவின் பிற பகுதிகளில் வேறொரு புல் பரவியது. காம்பீரும் மிளகும் பயிரிட்டு மண் வளம் குன்றியதும் கைவிடப்பட்ட நிலங்களை 'லாலாங்' மூடிக்கொண்டது. நகர மையத்திலோ 'பாடாங்' எனப்படும் வெட்டவெளி, வெட்டிச் சீர்செய்த புல்தரையாகப் பேணப்பட்டது. அதன் ஓரங்களில் 1852ஆம் ஆண்டு தொடங்கிய கிரிக்கெட் மன்றமும் 1883ஆம் ஆண்டு தொடங்கிய பொழுதுபோக்கு மன்றமும் உள்ளன. 1943 சூலை 5ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பை ஏற்றது அத்திடலில்தான். 2022ஆம் ஆண்டில் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆக, சிங்கப்பூர்த் தமிழர் மூவகைப் புல்லைக் கண்டனர்: மாடு மேய்ந்த புல், கைவிட்ட நிலத்தின் புல், வெட்டிப் பேணப்பட்ட புல். 1967ஆம் ஆண்டு முதல் முன்னெடுக்கப்பட்ட பூந்தோட்ட நகரக் கொள்கையின் பின், மூன்றாவதே நகரெங்கும் பரவியது. சாலையோரத்திலும் அடுக்குமாடி வீடுகளின் இடைவெளியிலும் காணப்படும் அகன்ற இலைப் புல்லுக்கு இங்கு 'மாட்டுப்புல்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயரே வழங்குகின்றது. ஆயினும் அதனை மேய மாடு இல்லை. இயந்திரம் கொண்டு வெட்டும் தொழிலாளரே உளர். அவருள் தமிழகத்திலிருந்து வந்தோரும் பலர்.

3. விதைத்த புல்லின் செய்முறை

கொலுத்தட்டில் புல் விளைவிக்கும் முறை எளிதெனத் தோன்றினும் நுட்பம் உடையது. அகன்ற தட்டில் 2 அல்லது 3 செ.மீ. உயரத்திற்கு மணலும் மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்து பரப்புவர். வீட்டுத் தரை நனையாதிருக்க அடியில் நெகிழித்தாள் விரிப்பர். ஓரிரவு ஊறவைத்த விதையை நெருக்கமாகத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துவர். ஆழப் புதைத்தலாகாது. முளை தோன்றும் வரை ஈரத்துணியால் மூடிவைத்தல் நன்று. நீரை ஊற்றினால் விதைகள் அடித்துச் செல்லப்பட்டு ஓரிடத்தில் குவியும். ஆதலால் தெளித்தலே தகும்.

விதைத் தேர்வில்தான் நிலத்தின் தோற்றம் அமைகின்றது. கடுகும் வெந்தயமும் இரண்டு நாளில் முளைக்கும். ஆயின் அவை இருவித்திலைத் தாவரங்கள். அணுகிப் பார்த்தால் வட்டமும் நீள்வட்டமுமான இணையிலைகள் தெரியுமேயன்றிப் புல் தெரியாது. கேழ்வரகும் கோதுமையும் புற்குடும்பத்தைச் சேர்ந்தவை. கோதுமையின் தாள் அகன்று தடித்திருக்கும். கேழ்வரகின் தாள் மெலிந்து நெருங்கி எழும். உண்மைப் புல்வெளியின் தோற்றத்தை விரும்புவோர் கேழ்வரகையே நாடுவர். கடுகைத் தோட்டத்துப் பாத்திக்கும் கோதுமையைக் கரையோரக் கோரைக்கும் கேழ்வரகை வயலுக்கும் எனப் பிரித்து விதைத்தால், ஒரே தட்டில் மூன்று நிலத்தோற்றம் கிடைக்கும்.

சிங்கப்பூரின் தட்பவெப்பம் முளைத்தலுக்கு ஏற்றது; நிலைத்தலுக்கு அன்று. வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுதும் மிகுதியாதலால் ஐந்தாறு நாள்களில் முளை 5 செ.மீ. உயரும். அதே ஈரப்பதத்தால் நெருங்கிய முளைகளின் அடியில் பூஞ்சை பற்றும். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒளி ஒரு பக்கத்துச் சன்னல் வழியே மட்டும் வருவதால் புல் முழுவதும் அத்திசையில் சாயும். நாள்தோறும் தட்டைத் திருப்பி வைத்தால் நேராக நிற்கும். குளத்திற்கு நீர் நிரப்பி ஒன்பது நாள் விட்டுவைத்தல் இந்நாட்டில் இயலாது. ஏடிசு கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி பெறும். வீட்டில் கொசு பெருக விடுதல் தண்டத்திற்குரிய குற்றமுமாகும். ஆகவே முகம் பார்க்கும் கண்ணாடியே இங்குக் குளமாகின்றது. அதன் விளிம்பை மணலாலும் முளையாலும் மறைத்துவிட்டால் நீர்ப்பரப்பின் மயக்கம் குறைவின்றி அமையும்.

காலக்கணக்கும் இன்றியமையாதது. அமாவாசைக்கு மூன்று நாள் முன்னர் விதைத்தால் முதல்நாள் கொலுவில் பச்சை தோன்றும். ஐந்தாம் நாள் நிறைவுறும். விசயதசமிக்குள் விதையின் சேமிப்புணவு தீர்ந்து மஞ்சளிக்கத் தொடங்கும். இவ்வளர்ச்சியும் தளர்ச்சியும் விழாவின் நாள்களோடு ஒத்துச் செல்கின்றன.

4. புல்லா, பயிரா? ஓர் அளவைக் கணக்கு

சிற்றுருவ நிலத்தின் மெய்ம்மை அளவு விகிதத்தைப் பொறுத்தது. கொலுவில் ஒரே விகிதம் பின்பற்றப்படுவதில்லை. எனினும் தட்டில் நிறுத்தப்படும் மனிதப் பொம்மை ஏறத்தாழ 15 செ.மீ. உயரமுடையது எனக் கொள்வோம். 165 செ.மீ. உயரமுள்ள மனிதனை அது குறிக்குமாயின் விகிதம் 1:11 ஆகும். அவ்வாறாயின் 5 செ.மீ. முளை 55 செ.மீ. உயரத்தைக் குறிக்கும். அது பூங்காவின் புல் அன்று. முழங்கால் அளவு வளர்ந்த பயிர்.

இக்கணக்கு ஒரு முக்கியமான உண்மையை உணர்த்துகின்றது. நாம் 'பார்க்' எனப் பெயரிட்டு அழைப்பது, விதைத்து வளர்க்கப்படும்போது வயலாகவே விளைகின்றது. பெயர் நகரத்துக்குரியது, பொருள் சிற்றூருக்குரியது. வயலின் நடுவே வரப்பு இட்டு, ஏர் உழவன் பொம்மையையும் நாற்று நடும் பெண் பொம்மைகளையும் நிறுத்தும் வழக்கம் இதனை உறுதிப்படுத்தும். ஒருவகையில் இத்தட்டு, கும்மியும் ஊர்வலமும் நீங்கி, வெயிலுக்கு வந்து பச்சை நிறம் பெற்ற முளைப்பாரியே எனலாம்.

பூங்காப் புல்தரை வேண்டுமாயின் என்ன அளவு தேவை? 4 செ.மீ. உயரத்தில் வெட்டப்பட்ட புல், 1:11 விகிதத்தில் ஏறத்தாழ மூன்றரை மி.மீ. ஆகும். எவ்விதையும் அவ்வளவில் நின்றுவிடாது. அதனைச் செயற்கையாகவே ஆக்க வேண்டும்.

5. தூவிய புல்லும் விரித்த புல்லும்

செயற்கை முறைகளுள் எளியது மரத்தூள். தச்சுப் பட்டறைத் தூளைச் சலித்து, பச்சைச் சாயநீரில் ஊறவைத்து, நாளிதழ் மேல் உலர்த்துவர். பலகையில் மண்ணிறம் பூசி, பசை தடவி, அதன்மேல் தூவுவர். ஒரே பச்சையைத் தூவினால் துணி விரித்தாற்போல் இருக்கும். இளம்பச்சை, கரும்பச்சை, சிறிது மஞ்சள் எனக் கலந்து தூவி, நடைபாதையோரத்தில் மண்ணிறம் தெரிய விட்டால் இயற்கைத் தோற்றம் கிட்டும். ஐரோப்பியச் சிற்றுருவ இரயில் ஆர்வலரும் நெடுங்காலம் இம்முறையையே கையாண்டனர். 1911ஆம் ஆண்டு தொடங்கிய நோக், 1946ஆம் ஆண்டு தொடங்கிய ஃபாலர் முதலிய செருமானிய நிறுவனங்கள் இத்தகைய நிலத்தோற்றப் பொருள்களை ஆக்கி விற்கின்றன.

தூளால் நிறம் கிடைக்குமேயன்றித் தாள் கிடைக்காது. அக்குறையை நீக்கியது நிலைமின் முறை. 2 முதல் 6 மி.மீ. நீளமுள்ள நைலான் இழைகளைக் கம்பிவலையுள்ள கருவியில் இட்டு, உயர் மின்னழுத்தம் ஊட்டுவர். எதிர்முனையை ஈரப்பசையில் ஊன்றிய ஆணியோடு இணைப்பர். மின்னூட்டம் பெற்ற இழைகள் மின்புலக் கோடுகளின் வழியே பாய்ந்து, பசையில் செங்குத்தாகக் குத்தி நிற்கும். வெல்வெட் போன்ற துணிப்பரப்பை ஆக்கும் நெசவாலை முறையே இங்குப் பயன்படுகின்றது. மேற்கண்ட கணக்கின்படி கொலுப் பொம்மைக்கு ஏற்ற புல்தரை இம்முறையால்தான் சரியாக அமையும்.

விகிதம் மேலும் சிறிதானால் தாள் என்பதே பொருளற்றதாகும். மேக்சுவெல் சாலையிலுள்ள சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடத்தில், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் மத்திய வட்டாரப் பேருரு மாதிரி 1:400 விகிதத்தில் அமைந்துள்ளது. அவ்விகிதத்தில் 5 செ.மீ. புல்லின் உயரம் எட்டில் ஒரு மி.மீ. மட்டுமே. அங்குப் புல் ஒரு நிறமாகவே இயலும். அரசின் திட்டப்பார்வையில் நிலம் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதற்கு அம்மாதிரி சான்று. வீட்டின் பார்வையில் எவ்வாறு காட்சியளிக்கும் என்பதற்குக் கொலுத்தட்டு சான்று.

இன்று பல வீடுகளில் காணப்படுவது இவற்றுள் எதுவுமன்று, நெகிழிப் புல்விரிப்பே. வேண்டிய அளவில் வெட்டிப் பரப்பி, விழா முடிந்ததும் சுருட்டி அடுத்த ஆண்டிற்கு வைத்துக்கொள்ளலாம். கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் வீட்டிற்கு இஃது ஏற்றதே, குறை கூறுவதற்கில்லை. ஆயினும் விரிப்பின் தாள் 2 செ.மீ. எனில் அது 22 செ.மீ. உயரத்தைக் குறிக்கும்: வயலாகவும் அமையாது, வெட்டிய புல்தரையாகவும் அமையாது. கண் அதனைப் புல்தரையாக ஏற்பதற்குக் காரணம், அதன் சீரான உயரமும் மாறாத பச்சையும் சாலையோரப் புல்லை ஒத்திருப்பதேயாகும். வீட்டுச் சன்னலுக்கு வெளியே தெரியும் நிலமே கொலுவின் அடியிலும் வந்து அமர்ந்துள்ளது.

6. வாடுதலின் பொருள்

இம்மாற்றத்தில் இழக்கப்படுவது அழகன்று. திறம்பட ஆக்கப்பட்ட செயற்கைப் புல், பூஞ்சை படிந்த முளையினும் அழகியதே. இழக்கப்படுவது காலம். முளைத்தட்டு நாள்தோறும் மாறும். இரண்டாம் நாள் வந்த விருந்தினரும் எட்டாம் நாள் வந்த விருந்தினரும் ஒரே நிலத்தைக் காண்பதில்லை. சிற்றில் சிதைதற்குரியது, முளைப்பாரி கரைதற்குரியது, அதோனிசுச் சட்டி வாடுதற்குரியது. முடிவுடைமை இவற்றின் குறையன்று, இலக்கணமே அதுதான். நெகிழிப் புல் வாடாமையால் அதனைப் பேண வேண்டியதில்லை. பேண வேண்டாமையால் குழந்தைக்கு அங்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இழப்பு மொழிக்கும் உண்டு. விதைத்த தட்டைச் சுற்றி ஊறல், முளை, நாற்று, பாத்தி, வரப்பு, மடை, சாய்தல், பழுத்தல் ஆகிய சொற்கள் தாமாக எழும். சிங்கப்பூரில் பிறந்து வளரும் தமிழ்க் குழந்தைக்கு வயலைக் காணும் வாய்ப்பு அரிது. பாடநூலில் மருதத்திணையைப் படிக்கும்போது வரப்பு என்பது அகராதிப் பொருளாகவே நிற்கும். 40 செ.மீ. தட்டொன்றில் விரலால் வரப்பு இட்ட குழந்தைக்கோ அச்சொல் கையால் அறிந்த சொல்லாகும். விரிப்பைச் சுற்றி எழும் சொல் 'பார்க்' ஒன்றே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, கொலுவின் அடியிலுள்ள புல், அரசவை மரபோடு உழவர் மரபு கலந்த இடமாகும். இரண்டாவது, அப்புல் விதைக்கப்படும்போது அளவாலும் தோற்றத்தாலும் வயலாக நிற்கின்றது; விரிக்கப்படும்போது சிங்கப்பூரின் வெட்டிப் பேணப்பட்ட புல்தரையாக மாறுகின்றது. மூன்றாவது, மாடு மேய்ந்த புல்லால் உருவான சிராங்கூன் பகுதியில் அப்புல் மறைந்த பின்னும், ஆண்டிற்கு ஒன்பது நாள் ஏதோ ஒரு வடிவில் அது வீட்டிற்குள் மீண்டு வருகின்றது.

விதைத்தலே சிறந்தது, விரித்தல் தாழ்ந்தது என்பது நம் முடிவன்று. நெகிழி விரிப்பும் நம் நகர வாழ்வின் உண்மையான ஆவணமே. எனினும் தமிழாசிரியர்க்கு ஒன்று கூற விழைகின்றோம். மருதத்திணையைக் கற்பிக்கும் வாரத்தில் வகுப்பறைச் சன்னலோரம் ஒரு தட்டில் கேழ்வரகு விதைக்கலாம். தேக்காக் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஒரு பிடி தானியமும் சிறிது மண்ணும் ஐந்து நாள் பொறுமையும் போதும். பத்தாம் நாள் அது வாடும்போது, வாடியதற்கு என்ன சொல் என மாணவர் கேட்பர். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.